தாமதக் கட்டம்

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
வேறிடங்களில் பேனா இந்த வரியில் நிற்பதில்லை.
வவுனியாவில் இதற்கென்றே
கஜீபன் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவான்.
எத்தினை, எங்க, எப்ப.

நாகபூசணி. நாற்பத்தொன்பது. நெடுங்கேணி.
"ஒண்டு. முதுகுப்பக்கம்.
எடுக்க ஏலாதெண்டு விட்டவை."

எக்ஸ்ரேயில் தெரிந்தது:
வலது விலாவுக்குக் கீழே, தசைக்குள்,
உழுந்தளவு.
பதினாறு வருசம் அசையாதது
அரைமணி நேரக் காந்தத்துக்கும் அசையாதென்று
நானே கையெழுத்து வைத்தேன்.
வைத்த கை பிறகு
தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு தரம் தேடியது.

அவள் வந்தது அதற்கல்ல.
ஈரலில் நாலு சென்ரிமீற்றரில் ஒரு கட்டி.
கட்டி என்ற சொல்லை மட்டும்
கிளினிக் வாசலில் யாரோ கொடுத்தனுப்ப,
மிச்சச் சொல்லை அவளே வீட்டில் போட்டு முடித்திருந்தாள்.
அடைவு வைத்த சங்கிலியை மீட்டு
மகளின் கழுத்தில் போட்டுவிட்டுத்தான்
பஸ் ஏறினாளாம்.

"மூச்சை விடுங்கோ. அப்பிடியே பிடியுங்கோ."
மற்றவர்கள் பன்னிரண்டில் இருமுவார்கள்.
இவள் வயிறு பத்தொன்பது நொடி
கோடு போட்டதுபோல் நின்றது.
எங்கே பழகினாள் என்று நான் கேட்கவில்லை.

மருந்து நாளத்தில் ஏறுகிறது.
புற்றுநோய்க்கு அவசரம் அதிகம்.
ஊர் நனையுமுன் வாய்க்காலை வெட்டி
தன் பாத்திக்குத் தண்ணீரை இழுத்துவிடும்.
எல்லார் வயலிலும் ஈரம் ஏறும் நேரம்
அது வற்றிக் கறுத்துக் கிடக்கும்,
சுற்றிவர ஒரு வெள்ளை வரம்பு மட்டும் மிஞ்சி.
முந்தி வெளித்து முந்தி இருள்வது.
அதைத்தான் தேடுகிறோம்,
காணக்கூடாதென்று வேண்டிக்கொண்டு.

இவளுடையது முதல் கட்டத்தில்
ஓரத்தில் நாலு புள்ளி, ஒன்றையொன்று தொடாமல்.
எழுபதாம் நொடியில் புள்ளிகள் தடித்தன.
நடுவில் இன்னும் இருட்டு.
மூன்றாம் நிமிடம் கஜீபன்
"மிஸ், உள்ளுக்கு வருது" என்றான்.

குளம் பள்ளத்தில் தொடங்கிக் கரைக்கு வரும்.
இது கரையில் தொடங்கி நடுவுக்குப் போனது,
எந்தக் குளமும் நிறையாத விதமாக.
ஐந்தாம் நிமிடமும் எடுத்ததைக் கொட்டவில்லை.
இரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்ட ஒரு முடிச்சு.
பிறந்த நாளிலிருந்தே இருந்திருக்கலாம்.
அது தீங்கற்றது என்பதற்குச் சாட்சி
அதன் சோம்பல்.

எழும்பியிருப்பேன்.
ஆனால் அதே படத்தின் பின்பக்கம்
ஒரு கறுப்பு ஓட்டை.
உழுந்தளவு இரும்பு
எலுமிச்சங்காய் அளவு ஈரலைத் தின்றிருந்தது.
பக்கத்துக் கோடுகளும் வளைந்து அதற்குள் இறங்கின.
எந்தக் கட்டத்திலும் வெளிக்கவில்லை,
வெளிக்காதது மங்குவதெப்படி?
கட்டிகளுக்கு நாங்கள் போடும் ஐந்து இலக்கத்தில்
இதற்கு இலக்கமில்லை.

அறிக்கையின் முதல் வரி இலகு:
இரத்தக்குழாய்க் கட்டி. புற்றுநோய் அல்ல.
இரண்டாவதை மூன்று தரம் அழித்தேன்.
கடைசியில் இப்படி நின்றது:
உலோகத்தின் நிழலில் ஈரலின் ஒரு பகுதி தெரியவில்லை.
தெரியாததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
சி.ரி. ஸ்கான் செய்க.

"கூடாத கட்டி இல்லை அம்மா.
ஒரு இடம் மட்டும் படத்தில விழேல்ல.
இரும்பு மறைக்குது. இன்னொருக்கா வரவேணும்."

ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடாவை
விரலில் சுற்றி அவிழ்த்தாள்.
"அதை எனக்குத் தெரியும் மிஸ்.
அது வந்த நேரமும் தெரியும்."

பிறகு, நாலரை பஸ்ஸுக்கு முன்,
போனில் மகளிடம்
"ஒண்டுமில்லையாம்" என்றாள்,
மற்றக் கையை விலாவுக்குக் கீழே
பொத்தி வைத்தபடி.